இணைய வகுப்பை மூடாதீர்கள்: தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் உள்ள எங்கள் தமிழ்ப் பாடசாலை நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகக் குழுவினருக்கு,

கடந்த ஞாயிற்றுக்கிழமை மண்டபக் கதவில் நீங்கள் ஒட்டியிருந்த அறிவிப்பை, நின்ற இடத்திலேயே மூன்று முறை படித்தேன். இந்தப் பருவத்தோடு இணைய வகுப்பு நிறுத்தப்படும். ஆசிரியர்கள் வாட்ஸ்அப் வழியாகப் பாடம் அனுப்பக் கூடாது. மாணவர்கள் மண்டபத்துக்குள் கைபேசி கொண்டுவரக் கூடாது. இப்போது இருக்கும் வகுப்புக் குழுவை மாத இறுதிக்குள் அழித்துவிட வேண்டும். காரணங்கள் கீழே சிறிய எழுத்தில் இருந்தன: தமிழைக் குருவின் முன் அமர்ந்து கற்பதே மரபு, கைபேசி பிள்ளைகளைக் கெடுக்கிறது, டேட்டாவுக்குப் பாடசாலைப் பணம் வீணாகிறது.

இந்த முடிவை எடுத்த கூட்டத்துக்கு ஆசிரியர்கள் நால்வரில் ஒருவரையும் நீங்கள் அழைக்கவில்லை. அழைத்திருந்தால் நேரில் சொல்லியிருப்பேன். அழைக்காததால், பெற்றோரும் மற்றவர்களும் படிக்கும்படி எழுதுகிறேன்.

பத்தொன்பது ஆண்டுகளாக இந்தப் பாடசாலையில் ஊதியம் வாங்காமல் கற்பிக்கிறேன். நானும் சிறுமியாக, என் தலைமுறை 'வெர்னாகுலர் வகுப்பு' என்று அழைத்த மாலைநேரத் தாய்மொழி வகுப்பில் அரிச்சுவடி படித்தவள்தான். பிற்பாடு பல்கலைக்கழகத்திலும் தமிழ் படித்தேன். நான் படித்த அந்தத் துறை இன்று இல்லை, மூடிவிட்டார்கள். ஒரு மொழி வகுப்பை மூடுவது எவ்வளவு எளிது, மீண்டும் திறப்பது எவ்வளவு அரிது என்பதை நான் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

முதலில் ஒரு கணக்கு. நம் வகுப்பு ஞாயிறுதோறும் ஒன்றரை மணி நேரம். விடுமுறையும் திருவிழாவும் போக ஆண்டுக்கு முப்பத்தெட்டு வகுப்புகள். ஆக 57 மணி நேரம். ஆண்டு முழுவதும் ஒரு பிள்ளையின் காதில் தமிழ் விழும் நேரத்தைச் சேர்த்துவைத்தால் இரண்டரை நாள்கூடத் தேறாது. தஞ்சாவூரிலோ யாழ்ப்பாணத்திலோ பிறந்த குழந்தை அந்த அளவு தமிழைப் பால்குடி மறக்கும் முன்பே கேட்டுவிடுகிறது. நம் பிள்ளைகளுக்கு வீட்டில் அப்பாவும் அம்மாவும் பேசுவது ஆங்கிலம். பாட்டனாருக்கும் பெரும்பாலும் ஆங்கிலம். தேவாரத்தை ஆங்கில எழுத்தில் எழுதிவைத்துக்கொண்டு பாடுகிறோம். அந்த எழுத்தில் பழமும் பலமும் ஒன்றாகிவிடுகின்றன. காதால் கேட்காத பிள்ளைக்கு அவை இரண்டு சொற்கள் என்பதே தெரியாது.

எனவே நம் பிள்ளைகளுக்கு முதல் பற்றாக்குறை புத்தகம் அல்ல, ஒலி. அந்த ஒலியை ஞாயிற்றுக்கிழமைக்கு வெளியேயும் வீட்டுக்குள் கொண்டுபோக என்னிடம் இருப்பது கைபேசி ஒன்றுதான்.

டர்பனின் ஃபீனிக்ஸ் பகுதியிலிருந்து வரும் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி மண்டபத்தில் வாயே திறப்பதில்லை. 'மழை' என்று சொல்லச் சொன்னால் தலையைக் குனிந்துகொள்வாள். ஒருமுறை தவறாகச் சொல்லி மற்ற பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். நான் அந்தச் சொல்லை மெதுவாக மூன்று முறை சொல்லி, நாக்கு எங்கே மடிகிறது என்று விளக்கி, ஒரு குரல் பதிவாக அவள் அம்மாவின் கைபேசிக்கு அனுப்பினேன். அன்று இரவு ஒன்பது மணிக்குள் பதினோரு பதிவுகள் வந்தன. முதல் ஆறும் 'மலை'. ஏழாவது என்னவென்று சொல்ல முடியவில்லை. பதினோராவது மழை. அந்தப் பதிவின் பின்னணியில் அவள் அம்மாவும் முணுமுணுத்துச் சொல்லிப் பார்ப்பது கேட்கிறது. அந்த அம்மா நம் பாடசாலைப் படியை ஒருநாளும் மிதித்ததில்லை. ஒரே மாலையில் அந்த வீட்டில் இரண்டு பேர் தமிழ் படித்தார்கள். ஒரு நிமிடக் குரல் பதிவு ஒரு மெகாபைட்டைக்கூடத் தொடாது. இதில் எந்தப் பணம் வீணாகிறது என்று எனக்குப் புரியவில்லை.

இந்த இணைய வகுப்பு எப்படிப் பிறந்தது என்பது உங்களில் சிலருக்கு மறந்திருக்கலாம். 2020 மார்ச் 18 அன்று நாட்டின் பள்ளிகள் மூடப்பட்டன. அடுத்த வாரமே ஊரடங்கு. மண்டபத்தைப் பூட்டிச் சாவியை அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வந்தேன். அப்போது நம்மிடம் இருந்தவர்கள் பதினான்கு பிள்ளைகள். முதல் மூன்று வாரம் நான் செய்தது பெரும் பிழை: ஜூமில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து, மண்டபத்தில் நடத்துவதுபோலவே நடத்தினேன். பிள்ளைகள் ஒவ்வொருவராக மறைந்தார்கள். டேட்டா தீர்ந்தது, பொறுமையும் தீர்ந்தது. திரையில் முகத்தைக் காட்டிப் பேசிக்கொண்டே இருப்பது கற்பித்தல் ஆகாது என்று அங்கேதான் கற்றுக்கொண்டேன்.

பிறகு முறையை மாற்றினோம். நேரடி வகுப்பு இருபத்தைந்து நிமிடம் மட்டும். மற்றவை குரல் பதிவுகள், படங்கள், சிறு சிறு எழுத்துப் பயிற்சிகள். இரண்டு அரிசி டின்களுக்கு நடுவே ஓர் அளவுகோலை வைத்து, அதில் கைபேசியைக் கவிழ்த்துக் கட்டி, அதன் கீழே நோட்டை வைத்து எழுதினேன். ஆண்டுக்கணக்காகக் கரும்பலகையில் எழுதியபோது பின்வரிசைப் பிள்ளைகள் பார்த்தது என் முதுகை. இப்போது ஒவ்வொரு பிள்ளையும் என் கைக்கு மேலிருந்து பார்த்தது. 'அ' எங்கே தொடங்குகிறது, சுழி எந்தப் பக்கம் திரும்புகிறது, கோடு கடைசியில் எங்கே இறங்குகிறது என்று. 'ஆ' எழுத இரண்டு மாதம் திணறிய பையன் ஒரே வாரத்தில் எழுதினான். குருவின் முன் அமர்வது மரபு என்கிறீர்கள். குருவின் கையருகே அமர்வது அதைவிட நெருக்கம் இல்லையா?

அந்த வகுப்பு வளர்ந்தது. இன்று மண்டபத்துக்கு வருவோர் இருபத்திரண்டு பேர். இணையத்தில் முப்பத்தொரு பேர். அந்த முப்பத்தொருவரில் பதினொரு பேர் டர்பனுக்கே வெளியே இருக்கிறார்கள். நியூகாசிலில் ஒரு குடும்பம், பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் மூன்று, ஜோகன்னஸ்பர்க் அருகே லெனேசியாவில் இரண்டு. நியூகாசில் இங்கிருந்து 300 கிலோமீட்டருக்கும் அப்பால். அங்கே இருக்கும் அந்த இரண்டு அண்ணன் தம்பிகளை ஞாயிறுதோறும் மண்டபத்துக்கு வரச் சொல்கிறது உங்கள் அறிவிப்பு. வர மாட்டார்கள். தமிழை விட்டுவிடுவார்கள்.

2022 ஏப்ரலில் வெள்ளம் வந்தபோது நம் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் 400 பேருக்கு மேல் இறந்தார்கள். சாலைகள் அறுந்தன, பல வாரம் குழாயில் தண்ணீர் இல்லை. மண்டபம் திறக்கவே முடியாத அந்த நாள்களில் வகுப்புக் குழு மட்டும் திறந்திருந்தது. பாடம் பெரிதாக நடக்கவில்லை. ஆனால் தினமும் மாலையில் ஒரு சொல் அனுப்பினேன். ஆறு, கரை, படகு, உதவி. பிள்ளைகள் அதை வைத்து ஒரு வாக்கியம் சொல்லி அனுப்பினார்கள். மின்வெட்டு நாள்களிலும் இப்படித்தான். நேரடி வகுப்பு நின்றுபோகும், பதிவு காத்திருக்கும், மின்சாரம் வந்ததும் பிள்ளை கேட்கும்.

மரபு என்ற சொல்லை நீங்கள் எடுத்ததால் அதைப் பற்றியும் சொல்கிறேன். 1860 நவம்பர் 16 அன்று 'ட்ரூரோ' கப்பல் சென்னையிலிருந்து டர்பன் துறைக்கு வந்தது. 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக இங்கே வந்தவர்கள் 1,52,184 பேர். அவர்களில் பெரும்பாலோர் சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ஏறியவர்கள். கரும்புக் காட்டில் அவர்களுக்கு யார் பாடசாலை கட்டிக் கொடுத்தார்கள்? இங்கே 'சிக்ஸ் ஃபுட் டான்ஸ்' என்று பெயர் பெற்றுவிட்ட தெருக்கூத்தை விடிய விடிய ஆடித்தான் பிள்ளைகளின் காதில் தமிழை ஏற்றினார்கள். இந்நாட்டில் தாம் அமைத்த டால்ஸ்டாய் பண்ணையில் தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பித்தவர் காந்தி. அவருக்குத் தெரிந்த கொஞ்சத் தமிழும் கப்பல் பயணங்களிலும் சிறையிலும், ஜி. யு. போப்பின் தமிழ்க் கைந்நூலை வைத்துக்கொண்டு கற்றது. தம் தன்வரலாற்றில் அவரே இதை எழுதியிருக்கிறார். தகுந்த குருவும் தகுந்த இடமும் அமையட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. கைக்கு எது கிடைத்ததோ அதைக்கொண்டு கற்பிப்பதுதான் இந்த நாட்டுத் தமிழரின் மரபு. என் கைக்குக் கிடைத்திருப்பது கைபேசி.

கைபேசி பிள்ளைகளைக் கெடுக்கிறது என்ற உங்கள் கவலையை நான் ஒதுக்கவில்லை. கணக்கு ஆசிரியையாக அரசுப் பள்ளியில் இருந்த கடைசி ஆண்டுகளில், மேசைக்கடியில் கைபேசியை வைத்துக்கொண்டு கண் சிவந்து உட்கார்ந்திருந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். ஆனால் நம் வகுப்பில் நடந்த ஒன்றைக் கேளுங்கள். சென்ற ஆண்டு ஒரு மாணவன், 'பாரிட்ஜ் பிரேயர்' என்று இங்கே சொல்லும் ஆடி மாதத்து அம்மன் வழிபாட்டைப் பற்றி ஐந்து வாக்கியம் எழுதி வரச் சொன்னதற்கு, மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டு எடுத்து வந்துவிட்டான். தலைப்பே 'கஞ்சிப் பிரார்த்தனைகள்'. நான் அவனைத் திட்டவில்லை. அந்த ஐந்து வாக்கியங்களையும் திரையில் போட்டு, நம் வீட்டில் இப்படிச் சொல்வோமா என்று எல்லோரையும் கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. வீட்டுக்குப் போய் ஆயாவை, அதாவது பாட்டியைக் கேட்டுப் பதிவுசெய்து அனுப்புங்கள் என்றேன். வந்த பதிவுகளில் கூழ் வந்தது, மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறது என்று வந்தது. ஒரு ஆயா கூழ் காய்ச்சும் விதத்தையே நான்கு நிமிடம் சொல்லியிருந்தார். இயந்திரம் தவறிய இடத்தைப் பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள், தம் வீட்டுக்குள்ளேயே விடையையும் கண்டுபிடித்தார்கள். மண்டப வாசலில் கைபேசியைப் பிடுங்கி வைத்தால் அவன் வீட்டில் உட்கார்ந்து அதே செயலியைத்தான் பயன்படுத்துவான். அது எங்கே பொய் சொல்கிறது என்று காட்ட மட்டும் யாரும் இருக்க மாட்டார்கள்.

தட்டச்சைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதை விளையாட்டு என்று உங்களில் ஒருவர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி வந்த தமிழ்99 விசைப்பலகையில் உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம், மெய்கள் வலக்கைப் பக்கம். ககரத்தைத் தட்டி இகரத்தைத் தட்டினால் 'கி' வருகிறது. ககரத்தை இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழுகிறது. உயிரும் மெய்யும் சேர்ந்தால் உயிர்மெய் என்று பத்து வாரம் பலகையில் எழுதிக் காட்டியும் ஏறாத பாடம், விரல் வழியாக ஒரே மாலையில் ஏறியது. 247 எழுத்துகளையும் தனித்தனியாக மனப்பாடம் செய்ய வேண்டும் என்று பயந்துபோய் வகுப்பைவிட்டு நின்ற ஒரு பெண், பன்னிரண்டும் பதினெட்டும் தெரிந்தால் போதும் என்று கண்டுகொண்டு திரும்பி வந்தாள். முன்பெல்லாம் நான் ஒரு எழுத்துருவில் தட்டியதை இன்னொரு கணினியில் திறந்தால் கட்டம் கட்டமாகத் தெரியும். யூனிகோடு வந்தபின் அந்தத் துன்பம் போய்விட்டது. நான் அனுப்பும் பாடம் மலிவான கைபேசியிலும் தமிழாகவே திறக்கிறது.

பாடப் பொருளுக்கும் இதே கதைதான். கப்பலில் வந்துசேரும் ஒரு பாடநூலுக்காக ஆறு மாதம் காத்திருந்த ஆண்டுகள் எனக்கு நினைவிருக்கின்றன. இன்று தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் பாடங்கள் இலவசம். மதுரைத் திட்டத்தில் தன்னார்வலர்கள் 1998 முதல் தட்டச்சுசெய்து வைத்திருக்கும் பழந்தமிழ் நூல்கள் இலவசம். எங்கள் பெரிய பிள்ளைகள் திருக்குறளை அங்கிருந்துதான் எடுத்து ஐஸ்டெட்ஃபோட் என்னும் கலைப் போட்டிக்குத் தயாரானார்கள். நீங்கள் மேடையேறிக் கோப்பை கொடுத்தீர்களே, அந்தப் பிள்ளைகள்தான்.

பணத்தைப் பற்றி. 2020 ஏப்ரலில் இந்நாட்டின் பெரிய தொலைத்தொடர்பு நிறுவனங்கள் ஒரு ஜிகாபைட் மாத டேட்டாவின் விலையை 149 ராண்டிலிருந்து 99 ராண்டாகக் குறைத்தன. அந்த விலையில் நாம் பத்துக் குடும்பங்களுக்கு மாதம் ஒரு ஜிகாபைட் வாங்கிக் கொடுத்தோம். மாதம் 990 ராண்ட். அந்தப் பத்துக் குடும்பங்களில் வேலை இழந்தவர்கள் உண்டு, மகனுக்கும் மகளுக்கும் சேர்த்து ஒரே கைபேசி வைத்திருப்பவர்கள் உண்டு. அவர்கள் கேட்கவில்லை; கேட்க வெட்கப்பட்டார்கள்; நாம் கொடுத்தோம். இதற்கிடையே நம் மண்டபத்தில் ஃபைபர் இணைப்பு இருக்கிறது. கட்டணம் மாதாமாதம் போகிறது. அதன் கடவுச்சொல் அலுவலக அறையைத் தாண்டியதில்லை. நன்கொடையில் வாங்கிய படவீழ்த்தி திருமணங்களுக்கு வாடகைக்குப் போகிறது; ஞாயிறு காலை வகுப்புக்குக் கேட்டால் பழுதாகிவிடும் என்கிறார்கள். செலவு மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் பத்துக் குடும்பத்தின் டேட்டா அல்ல.

இனி, என்னை உறங்கவிடாத விஷயத்துக்கு வருகிறேன். வகுப்புக் குழுவை மாத இறுதிக்குள் அழிக்கச் சொல்கிறீர்கள். அதில் என்ன இருக்கிறது என்று உங்களில் ஒருவராவது திறந்து கேட்டீர்களா? கூழ்ப் பாடத்துக்குப் பின் அது ஒரு வழக்கமாகிவிட்டது. வாரம் ஒரு கேள்வியோடு பிள்ளைகள் தங்கள் ஆயாக்களிடமும் தாத்தாக்களிடமும் போனார்கள். டர்பன் நகராட்சியின் இந்தியத் தொழிலாளர் குடியிருப்பான மகசின் பாரக்ஸில் வாழ்ந்த காலம், அங்கிருந்து சாட்ஸ்வொர்த் புறநகருக்கு அனுப்பப்பட்ட நாள், பிள்ளையைத் தூங்கவைக்கும் பாட்டு, விதைக்கும் களைக்கும் அவர்கள் சொன்ன பெயர்கள். நூற்று நாற்பது பதிவுகளுக்கு மேல் இருக்கின்றன. அந்தப் பேச்சில் வட ஆர்க்காட்டின் வாடை அப்படியே வீசுகிறது. எந்தப் பாடநூலிலும் இல்லாத, இந்த மண்ணில் ஐந்து தலைமுறை தங்கிய தமிழ் அது. பதிவு செய்தவர்களில் மூன்று ஆயாக்கள் இன்று நம்மோடு இல்லை. அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்கு அவர்கள் தமிழ் பேசிக் கேட்கும் இடம் உலகத்தில் அந்தக் குழு ஒன்றுதான். அதை அழிக்கும் விரல் என்னுடையதாக இருக்காது. இதை உங்களுக்கு மரியாதையோடு, ஆனால் ஐயத்துக்கு இடமின்றித் தெரிவித்துக்கொள்கிறேன்.

1996-ஆம் ஆண்டு அரசியலமைப்பின் ஆறாம் பிரிவு, இந்நாட்டுச் சமூகங்கள் பேசும் மொழிகளுள் தமிழையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, அதை வளர்க்கவும் அதற்கு மதிப்பை உறுதிசெய்யவும் சொல்கிறது. அரசு செய்யவில்லை என்று ஒவ்வோர் ஆண்டு விழாவிலும் நாம் பேசுகிறோம். நம் கையில் இருப்பதை நாமே மூடிவிட்டு அந்தப் பேச்சை எந்த முகத்தோடு பேசுவது?

நான் கேட்பவை இவை. அழிக்கும் உத்தரவை இன்றே நிறுத்திவையுங்கள். அந்தப் பதிவுகளைக் குடும்பங்களின் எழுத்து அனுமதியோடு இரண்டு இடங்களில் படியெடுத்துப் பாதுகாக்க ஒரு சிறு தொகை ஒதுக்குங்கள். படியெடுக்கும் வேலையை நானும் மூத்த மாணவர்களும் செய்கிறோம். இணைய வகுப்பைத் தொடர அனுமதியுங்கள். மண்டப வகுப்பை நான் குறைத்துப் பேசவில்லை. பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்து, கூடப் பாடி, ஒரே வாழையிலையில் சுண்டல் தின்று கற்பதற்கு ஈடு எதுவும் கிடையாது. வர முடிந்தவர்கள் வரட்டும், வர முடியாதவர்களுக்குக் கதவு திறந்திருக்கட்டும்.

மண்டபத்தில் கைபேசிக்கு விதி வேண்டும் என்றால் நான் உங்கள் பக்கம் நிற்கிறேன். வகுப்புத் தொடங்கும்போது எல்லாம் ஒரு கூடையில் போகட்டும், ஆசிரியர் கேட்கும் பத்து நிமிடத்துக்கு மட்டும் வெளியே வரட்டும். பிள்ளைகளின் பாதுகாப்பு பற்றி உங்கள் அறிவிப்பில் ஒரு சொல்லும் இல்லை, இருந்திருக்க வேண்டும். ஒவ்வொரு குழுவிலும் பெற்றோர் இருவர் இருக்க வேண்டும். எந்த ஆசிரியரும் பிள்ளைக்குத் தனியே செய்தி அனுப்பக் கூடாது. பிள்ளையின் படமும் குரலும் பெற்றோர் அனுமதி இல்லாமல் வெளியே போகக் கூடாது. 2021 ஜூலை முதல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் முழுமையாக நடைமுறையில் உள்ள நாடு இது. இந்த விதிகளை எழுதித் தர நான் தயார்.

ஞாயிறு காலை மூன்று மணி நேரத்துக்கு வைஃபை கடவுச்சொல்லை வகுப்பறைக்குத் தாருங்கள், படவீழ்த்தியையும் தாருங்கள். பத்துக் குடும்பங்களின் டேட்டாவை ஆண்டு முடியும்வரை நிறுத்தாதீர்கள். என்னைவிட வயதில் மூத்த இரண்டு ஆசிரியைகளுக்குத் தமிழ்த் தட்டச்சும் பதிவு செய்வதும் கற்றுத்தர நான்கு சனிக்கிழமைகள் மண்டபத்தைத் திறந்துவிடுங்கள். கற்க அவர்களுக்கு ஆசை இருக்கிறது, கேட்கத் தயங்குகிறார்கள்.

மாதம் முடிவதற்குள் ஒரு கூட்டம் கூட்டுங்கள். ஆசிரியர்கள் நால்வரையும் அழையுங்கள், பெற்றோரில் சிலரை அழையுங்கள், நியூகாசில் குடும்பத்தையும் திரையில் அழையுங்கள். நீங்கள் எடுக்கும் முடிவு எதுவானாலும் அதைக் கதவில் மட்டும் ஒட்டாமல் வகுப்புக் குழுவிலும் அனுப்பிவையுங்கள். இந்த முடிவால் பாதிக்கப்படும் பிள்ளைகளில் பதினொரு பேரால் அந்தக் கதவைப் பார்க்க முடியாது.

இப்படிக்கு,
ஞாயிறு வகுப்பு ஆசிரியை ஒருவர்
டர்பன்